வலையும் நீரும்

மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில் கரைவலை இழுக்கும் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். காலையில் நன்றாக இழுக்கிறார். நண்பகலுக்குள் கை சோர்கிறது, இமை தாழ்கிறது, சோற்றை மெல்லவும் தாடை மறுக்கிறது. ஓய்ந்தால் தெளிகிறது. சம்மாட்டியின் கண்ணுக்கு இது சோம்பல்! மருத்துவமோ இதனை மயஸ்தீனியா கிராவிஸ் என்கிறது. நரம்பின் கட்டளையைத் தசை ஏற்கும் வாயிலை, உடலின் எதிர்ப்புப் புரதங்களே அடைத்துச் சிதைத்துவிடுகின்றன. 1976இல் இங்கிலாந்து மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளின் குருதிநீரை மாற்றித் தளர்ச்சி குறைவதைக் கண்டனர்.

இச்சிகிச்சையை அவருக்கு எவ்வாறு விளக்குவது? “இரத்தத்தை வடிகட்டுகிறோம், கெட்டது போய்விடும்” என்பது எளிது. மீனவரிடம் பேசுகையில் வலை உவமையும் கைகொடுக்கும். ஆனால் அதைச் சரியாகச் சொல்லவேண்டும். இங்கே வலையில் தங்கும் மீன்கள் குருதி அணுக்கள். அவை உடலுக்கே திரும்புகின்றன. கொட்டப்படுவது நீர். தீய புரதம் மட்டுமா போகிறது? கிருமியைத் தடுப்பதும் குருதியை உறையச் செய்வதும் கூடவே போகின்றன. அறுபது கிலோ எடையுள்ளவரிடமிருந்து ஒரு தடவைக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர். பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை. ஈடாக ஏற்றும் அல்புமின், முகமறியாத மனிதர் ஈந்த குருதியிலிருந்து பிரித்தெடுத்தது.

கசப்பான செய்தி இனித்தான். அப்புரதத்தை ஆக்கும் அணுக்கள் உடலிலேயே இருக்கின்றன. சில வாரங்களில் அது மீளும். ஆகவே மருந்து தொடரவேண்டும்.

அஞ்சி மறுத்துவிடுவார், மறைப்பதே கருணை என்பர் சிலர். கருணைதானா? பத்துநாள் படுக்கையில் கிடந்தால் பத்துநாள் பங்கு இல்லை. அரசு மருத்துவமனை கட்டணம் கேட்பதில்லை, கடன்காரன் கேட்பான். மகனைப் பள்ளியினின்று நிறுத்தி வலைக்கு அனுப்புவதா என்ற கணக்கும் அந்தச் “சில வாரங்கள்” என்ற சொல்லில் தொங்குகிறது. குணமாகிவிட்டதென நம்பியவர் மருந்தை நிறுத்துவார், இமை மீண்டும் தாழ்கையில், “நான் என்ன பாவம் செய்தேன்?” என்று தம்மையே நோவார்.

மூச்சே தளரும் வேளையில் விளக்கத்திற்கு நேரமில்லை என்பது மெய். அப்போது விளக்கம் பின்னர் தீர்க்கவேண்டிய கடனாகிறது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். எனினும் மருத்துவர் தமிழறியாதவராயின், அருகில் நிற்கும் யாரோ பாதியை விழுங்கிப் பெயர்த்துச் சொல்ல, ஒப்புதல் தாளில் கையொப்பம் விழும். அது யாருடைய ஒப்புதல்? தாளை நீட்டுமுன், “நான் சொன்னதை உங்கள் சொல்லில் ஒருமுறை சொல்லுங்கள், ஐயா” என்று கேட்க எத்தனை நிமிடம் ஆகும்?