நாளைக்குச் சொல்லுதேன்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வழியாகப் போனால் பேய்குளம் தாண்டித்தான் சாத்தான்குளம். அந்தப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியையாகச் சேரும்படி என் நண்பனின் மகளுக்கு உத்தரவு வந்ததும், அவள் ஆச்சி பதறிப் போனாள். "பேயத் தாண்டி சாத்தான்கிட்டயா என் பேத்திய அனுப்புதாவ?"

பேத்தி வரலாறு படித்தவள். அசரவில்லை. "ஆச்சி, சாத்தன்ங்கிறது பழைய தமிழ்ப் பேரு. மணிமேகலை எழுதுனவரு பேரே சாத்தனாருதான். நம்ம சாஸ்தாவுக்கும் அந்தப் பேரு உண்டு. பைபிள்ல வார சாத்தான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம சாத்தன் வந்தாச்சு."

ஆச்சி யோசித்தாள். "அப்பச் சரி. சாஸ்தா பாத்துக்கிடுவாரு."

ஒரே ஒரு கால் எழுத்து. அது இருந்தால் பிசாசு, இல்லாவிட்டால் தெய்வம். வரலாறு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்வாள். "மாமா, நான் வரலாறு டீச்சர்னுதான் நெனச்சுப் போனேன். அங்க போனா புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாமே என் தலையிலதான். நேத்து பூரா அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான்." பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் செம்மண் தேரி, பனை, முருங்கைத் தோட்டம். முதல் வாரத்திலேயே முதலூர் பையன் ஒருவன் பொட்டலம் கட்டி மஸ்கோத் அல்வா கொண்டுவந்து கொடுத்தானாம். தேங்காய்ப் பாலில் செய்கிற அந்த அல்வாவைத் தின்றவர்கள் அந்த ஊரை மறக்க மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பில் பாளையக்காரர் பாடம் வந்தது. உற்சாகமாக உள்ளே போனவள், "கட்டபொம்மனைப் பத்தி யாருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் சிவாஜி ஆகிவிட்டது. ஒருவன் பெஞ்சு மேல் ஏறி வசனம் பேச, இன்னொருவன் ஜாக்சன் துரையாக முழிக்க, பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும்படி ஆயிற்று. 1959-ல் வந்த படம். இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது ஓடியது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"சரி, இது சினிமாவுல கேட்டது. நெசமா அவரு தூக்கு மேடைக்கு எப்படி நடந்து போனாருன்னு நமக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாளாம்.

யாருக்கும் தெரியவில்லை. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சொன்னவர் பானர்மன். அவரைத் தூக்கில் போட்ட அதே மேஜர். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி, கயத்தாறில், மற்ற பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து உட்காரவைத்து, அவர்கள் கண்ணெதிரே விசாரணை நடத்தி, கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். மறுநாள் பானர்மன் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். விசாரணை முழுக்க அந்த மனிதர் துளிகூட அஞ்சவில்லை, அலட்சியமாகத்தான் நின்றார், தன்னைப் பிடிக்க முனைந்த எட்டயபுரத்தாரை ஏளனமாகப் பார்த்தார், மரத்தை நோக்கித் திடமாக நடந்தார் என்றெல்லாம் அதில் இருக்கிறது. போகும்போது வாய் பேச முடியாத தம்பியைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டார், கோட்டையை விட்டு வந்ததற்குப் பதில் அங்கேயே சண்டையிட்டுச் செத்திருக்கலாம் என்று மரத்தடியில் வருந்தினார் என்பதையும் எழுதியிருக்கிறார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைசியாகச் சொன்ன இந்த இரண்டையும் தான் நேரில் கேட்டதாக அவர் எழுதவில்லை, தனக்குச் சொல்லப்பட்டது என்றுதான் எழுதினார். அந்தக் கடிதத்தை 1881-ல் தன் திருநெல்வேலி வரலாற்றில் சேர்த்து அச்சிட்டவர் கால்டுவெல். இதே தேரி மண்ணில், இடையன்குடியில் வாழ்ந்தவர்.

"டீச்சர், எதிரி எழுதுனத எப்படி நம்புறது?" என்று ஒரு பெண் கேட்டாளாம்.

"புகழணும்னு அவருக்கு என்ன அவசியம்? பயந்து நடுங்கிச் செத்தான்னு எழுதியிருந்தா அவருக்குத்தான பெருமை? எழுதலையே. பாத்தத எழுதிட்டாரு."

அப்போது முதலூர்ப் பையன் துள்ளி எழுந்தான். "டீச்சர், 1799-ஆ? எங்க ஊரு ஆரம்பிச்சதும் அதே வருசந்தான்!" உண்மைதான். வேதத்துக்கு வந்த சில குடும்பங்கள் தங்களுக்கென்று முதன்முதலாக உண்டாக்கிக்கொண்ட ஊர் என்பதால்தான் அதற்கு முதலூர் என்று பெயர். கயத்தாறில் கயிறு கட்டிய வருடம் இங்கே ஓலைக் குடிசை கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். வரலாறு எங்கேயோ டெல்லியில் நடக்கிற சமாச்சாரம் என்றல்லவா நினைத்திருந்தார்கள்? ஆளாளுக்குத் தங்கள் ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சிவகளையில் தோண்டி எடுத்த இரும்பு ஐயாயிரத்து முந்நூறு வருடப் பழசு என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததை ஒருவன் சொன்னான். வகுப்பே கைதட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப... 2020-ல நம்ம ஊருல நடந்ததும் வரலாறுதான டீச்சர்? அது ஏன் புஸ்தகத்துல இல்ல?"

கைதட்டல் நின்றது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண்ணைத்தான் பார்த்தார்கள். அவள் அப்பா வேறு ஏதோ ஊரில் போலீஸ்காரர். அந்தச் சம்பவத்தோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள் டீச்சர். நல்லவேளையாக மணி அடித்தது.

அன்று இரவு எனக்குப் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அல்ல. "நாளைக்கு என்ன மாமா சொல்லட்டும்?"

பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியரிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். "பாடத்த மட்டும் நடத்தும்மா. சின்ன ஊரு. எல்லா வீட்டுப் பிள்ளையளும் ஒரே பெஞ்சுல இருக்கு" என்றாராம் அவர். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் காக்கிச் சட்டைக்காக ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எதற்குத் தலை குனிய வேண்டும்? ஆறாத காயத்தைக் கிளறுவது ஆசிரியரின் வேலையா?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐயாயிரம் வருடத்து இரும்புக்குக் கைதட்டுகிறோம். அது யாரையும் சுடாது, ஆறிப்போன இரும்பு. நாலைந்து வருடத்துக்கு முந்தையது இன்னும் சூடாக இருக்கிறது. சூடாக இருப்பதைத் தொட மாட்டோம் என்றால் வரலாறு வெறும் பெருமைப் பட்டியல் ஆகிவிடாதா? அந்தப் பிள்ளைகள் அப்போது எட்டு ஒன்பது வயதுக்காரர்கள். ஊரே கடையடைத்ததையும், டி.வி. வண்டிகள் வந்து நின்றதையும், பெரியவர்கள் மெதுவாகப் பேசியதையும் பார்த்தவர்கள். அவர்களிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தால், பெரியவர்கள் பொய் சொல்கிறவர்கள் என்ற பாடத்தை அல்லவா நடத்துகிறோம்? ஜெர்மனியில் 1963 முதல் 1965 வரை ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஆஷ்விட்ஸ் முகாம் வழக்கு நடந்தது. அந்தப் பத்தாண்டில்தான் அங்கே வளர்ந்த பிள்ளைகள் சொந்த அப்பாக்களைப் பார்த்து, "அப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வீட்டிலும் பள்ளியிலும் பதில் இல்லாமல் வளர்ந்தவர்கள் அவர்கள்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. காரணம் உண்டு. முப்பது வருடங்களுக்கு முன் ஒரு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனைக் கல்லாவிலிருந்து பணம் எடுத்தான் என்று அடித்தார்கள். கல்லாவிலிருந்து நோட்டு கீழே விழுந்ததையும், வேறு ஒரு ஆள் குனிந்து எடுத்ததையும் நான் பார்த்திருந்தேன். போலீஸ்காரர் வந்து, "யாராவது பாத்தீங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். என்னையும் பார்த்துத்தான் கேட்டார். என் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். அந்தப் பையன் என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஒரு பஸ் வந்திருக்கும்.

அவளிடம் இதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "புரியுது மாமா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் அவள் சம்பவத்தைக் கதையாகச் சொல்லவில்லை. கரும்பலகையில் மூன்று கேள்விகள் எழுதினாள். யார் பார்த்தது? யார் எழுதியது? எழுதியதால் அவருக்கு என்ன லாபம், என்ன நட்டம்?

முதலில் பானர்மன். பார்த்தவரும் அவர், எழுதியவரும் அவர். காதால் கேட்டதைக் கேட்டதாகவே எழுதினார். லாபம் இல்லை. நட்டம்? யோசித்துப் பார்த்து, "நட்டமும் இல்ல டீச்சர். அவருதான் பெரிய ஆளு. யாரு கேப்பா?" என்றார்கள் பிள்ளைகள்.

அப்புறம்தான் 2020-க்கு வந்தாள். எல்லோருக்கும் தெரிந்ததை நாலே வரியில் சொன்னாள். ஊரடங்கு நேரம். ஜூன் 19 அன்று வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டார்கள். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ஆம் தேதி விடிவதற்குள் அப்பா இறந்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரிடம், இரவெல்லாம் அடித்தார்கள், லத்தியில் ரத்தக்கறை இருந்தது என்று ஒருவர் சாட்சி சொன்னார்.

"அந்த ஒருத்தர் யாரு தெரியுமா? அதே ஸ்டேஷன்ல அன்னைக்கு வேலை பாத்த பெண் தலைமைக் காவலர். அவங்களும் காக்கிதான் போட்டிருந்தாங்க."

இப்போது மூன்றாவது கேள்வி. லாபம்? ஒன்றும் இல்லை. நட்டம்? வேலை போகலாம், கூட வேலை பார்ப்பவர்கள் பகைக்கலாம், பிள்ளை குட்டிகளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். கையெழுத்துப் போடத் தயங்கினார், நடுங்கினார், பிறகு போட்டார். நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அந்தத் தயக்கமும் பதிவாகியிருக்கிறது. வழக்கு சி.பி.ஐ.க்கும், பிறகு மதுரை நீதிமன்றத்துக்கும் போனது. அந்தப் பாதையில் அவர் போட்ட கையெழுத்து ஒரு முக்கியமான கல்.

"பானர்மன் எழுதுனதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். முதலூர்ப் பையன்தான் சொன்னானாம். "அவரு பயப்படாம எழுதுனாரு டீச்சர். இவங்க பயந்துக்கிட்டே எழுதுனாங்க. இதான் கஷ்டம்."

எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வரலாறு நியாயத்தீர்ப்பு வழங்கும் என்று மேடையில் முழங்குகிறோம். வரலாறு தானாக ஒன்றும் வழங்காது. யாரோ ஒருவர் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னால்தான் அதற்கு வாயே உண்டு. பல நேரங்களில் அந்த ஒருவர் நம் பக்கத்து ஆளாக இருப்பதில்லை. இந்த ஆள் எந்தக் கூட்டம் என்று பார்த்து நம்பவும் வெறுக்கவும் பிள்ளைகளைப் பழக்கிவிட்டால், பானர்மன் கடிதத்தையும் கிழித்துப் போட வேண்டியதுதான். காக்கி போட்ட எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துச் சபித்தால், அந்தத் தலைமைக் காவலரையும் சேர்த்துத்தானே சபிக்கிறோம்?

புண்படுத்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உண்மையை மறைக்க வேண்டியதில்லை என்பதை அன்று நான் ஒரு புது டீச்சரிடம் கற்றுக்கொண்டேன். முழு உண்மையையும் சொன்னால் போதும். பாதியைச் சொல்லும்போதுதான் யாராவது ஒருவர் தலை குனிய வேண்டி வருகிறது.

"அந்தப் பிள்ளை என்ன செஞ்சா?" என்று கேட்டேன்.

"வகுப்புல ஒண்ணும் பேசல மாமா. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிக்கும்போது பக்கத்துல வந்து நின்னா. 'டீச்சர், இத எங்கப்பாகிட்ட சொல்லலாமா?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சொல்லு, அப்பா என்ன சொல்லுதாருன்னு நாளைக்கு வந்து எங்கிட்ட சொல்லுன்னேன்."