மீன் துண்டும் கைத்தோலும்

"உயிர்த்த பிறகும் இயேசு மனிதர்தானா, ஃபாதர்? இல்லை, மனித உடம்பைச் சட்டை மாதிரி கழற்றிப் போட்டுவிட்டாரா?"

புனித தோமா உயிர்விட்ட இடமென்று மரபு சொல்லும் பரங்கிமலையில், தேவாலய முற்றத்தில் உட்கார்ந்து குருமட மாணவர் கேட்டார். முதிய தந்தை லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தைப் பிரித்தார்.

"உயிர்த்தவரைக் கண்ட சீடர்கள் ஆவியென்று நடுங்கினார்கள். அவர் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சுட்ட மீன் துண்டு ஒன்று கொடுத்தார்கள். அவர்கள் பார்க்கவே தின்றார். ஆவிக்கு எதற்குத் தம்பி மீன்?"

"ஆனால் யோவான் நற்செய்தியில் பூட்டிய கதவுக்குள் வந்து நிற்கிறாரே! எம்மாவுக்கு நடந்த இருவருக்கு வழிநெடுக ஆளே அடையாளம் தெரியவில்லையே!"

"பவுல் இதற்குக் கோதுமை மணியைக் காட்டினார். நமக்கு நெல். விதையும் கதிரும் பார்வைக்கு வேறு. ஆனால் அந்த விதைதான் கதிரானது."

மாணவர் விடவில்லை. "கடவுள் சாவாரா?"

"இறையியல்பு சாகாது. ஆனால் சிலுவையில் இறந்தவர் இறைமகனேதான், தம் மனித இயல்பில். 451இல் கால்செதோன் சங்கம் இதைத்தான் சொன்னது: ஆள் ஒருவர், இயல்பு இரண்டு, அவை கலப்பதில்லை, மாறுவதில்லை, பிரிவதுமில்லை. உயிர்ப்பு இதைக் கலைக்கவில்லை. விண்ணேறியதும் இதே உடலோடுதான்."

எகிப்தின் காப்டிக் சபையார் இந்தச் சொற்களை ஏற்காமல், ஒன்றித்த ஒரே இயல்பு என்றார்கள். மனிதம் கரைந்துபோனதாக அவர்களும் சொல்லவில்லை. 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் காப்டிக் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும், கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதர் என்று கூட்டாகக் கையொப்பமிட்டார்கள். பதினைந்து நூற்றாண்டுப் பிணக்கில் இது பெரிய அடி.

"நம் உடம்பு?" என்றார் மாணவர்.

தந்தை பதிலுக்குக் கான்ஸ்டாண்டிநோபிளில் நடந்த பழைய வாதம் ஒன்றைச் சொன்னார். அந்நகர முதுபெரும் தந்தை யூட்டிக்கியுஸ், உயிர்த்த உடல் காற்றைவிட மெல்லியதாய், தொடவே முடியாததாய் இருக்குமென்று எழுதினார். ரோமின் தூதராக அங்கிருந்த கிரகோரி, பின்னாளில் 590இல் திருத்தந்தையானவர், எதிர்த்து நின்றார். உயிர்த்தவர் தம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாரே என்பதுதான் அவர் ஆதாரம். பேரரசர் திபேரியுஸ் முன் வாதம் நடந்தது. அந்த நூலைத் தீயிலிட வேண்டுமென்று பேரரசர் முடிவெடுத்தார்.

"582இல் யூட்டிக்கியுஸ் சாகக் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் எதிரே தம் கைத்தோலை இழுத்துப் பிடித்து, இந்தச் சதையிலேயே எல்லோரும் எழுவோம் என்று அறிக்கையிட்டாராம். கிரகோரியே எழுதி வைத்திருக்கிறார்."

மாணவர் தம் புறங்கையைத் தடவிக்கொண்டார்.

"தோமாவுக்குக் காட்டிய காயங்கள் ஏன் ஆறவில்லை, ஃபாதர்?"

"அடையாளத்துக்கு. மறைச்சாட்சிகளின் தழும்புகளும் விண்ணகத்தில் தெரியலாம், அவை குறையாக இராது, அழகாக இருக்கும் என்று அகுஸ்தீன் எழுதினார்."

"மறைச்சாட்சிகளுக்கு மட்டுமா? எங்கள் அம்மாவுக்குக் கையில் தழும்பு உண்டு."

"எப்படிப் பட்டது?"

"நான் தவழும்போது கொதிக்கிற கஞ்சிப் பானையை இழுத்துவிட்டேனாம். என்மேல் விழாமல் அம்மா கையைக் குறுக்கே கொடுத்தாங்க. முழங்கை வரைக்கும் தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கு."