தொடுகை என்னும் குணம்

பகுதியற்ற அணு இன்னோர் அணுவைத் தொட முடியுமா என்பது இந்தியத் தத்துவத்தில் நெடுங்காலம் தீராமல் கிடந்த வழக்கு. அறிவுக்குப் புறம்பே பொருள் இல்லை என்னும் பௌத்த விஞ்ஞானவாதத்தைச் சேர்ந்த வசுபந்து, தம் விம்சதிகை என்னும் நூலில், ஓர் அணுவை ஆறு திசைகளிலிருந்து ஆறு அணுக்கள் சேருமானால் அதற்கு ஆறு பகுதிகள் இருந்தாக வேண்டும் என்றும், பகுதியே இல்லையெனில் ஏழும் ஓரிடத்தில் ஒன்றிப் பருமனற்றுப் போகும் என்றும் வாதிட்டு, அணுவையும் அதனாலான புறவுலகையும் ஒருங்கே மறுத்தார். பகுதியற்ற அணுக்களாலேயே உலகம் ஆனது என்று கொண்ட வைசேடிகரோ தொடுகைக்குச் சம்யோகம் என்று பெயரிட்டு, அதைத் தனிப்பொருளாகக் கொள்ளாமல், இரண்டு பொருள்களை ஒருசேரப் பற்றி நிற்கும் குணம் என்று வகுத்தனர்.

இவ்வழக்கை உரசிப் பார்க்க ஏற்ற களம் ஒன்று 2004இல் திறந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும், கிராஃபைட்டில் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தே, ஒரே ஓர் அணுவின் கனமுள்ள கிராஃபீன் ஏட்டைப் பிரித்துக் காட்டினர். அந்த ஏட்டுக்கு உட்புறம் என்று ஒன்றில்லை. அணுக்கள் அனைத்தும் மேற்பரப்பிலேயே இருப்பதால், அடியில் கிடக்கும் பொருளும் இடையில் சிக்கும் அழுக்கும் அதன் இயல்பையே மாற்றிவிடுகின்றன. எனவே, அறுகோண போரான் நைட்ரைடு என்னும் சமதளமான மின்கடத்தாப் படிகத்தின் ஏடுகளுக்கு நடுவே கிராஃபீனை இடுவது வழக்கமாயிற்று.

இடும் முறையும் நுட்பமானது. கண்ணாடித் தகட்டில் மெத்தென்ற சிலிக்கோன் திண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் பாலிகார்பனேட் படலம் போர்த்தி, அதனால் நைட்ரைடு ஏடு ஒன்றை முதலில் தூக்குகின்றனர். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தபடியே அதைக் கிராஃபீன் மீது இறக்கினால், தான் கிடக்கும் சிலிக்கன் ஆக்சைடை விட நைட்ரைடையே கிராஃபீன் வலுவாகப் பற்றுவதால், அதுவும் உடன் எழும்பி வருகிறது. பிசினாகிய படலம் தொடுவது நைட்ரைடின் வெளிமுகத்தை மட்டுமே. உள்முகங்களில் அது படுவதேயில்லை.

ஆயினும் காற்றிலிருந்து படிந்த நீரும் ஹைட்ரோகார்பன்களும் இடையில் இருக்கத்தான் செய்கின்றன. இரு ஏடுகளும் ஒன்றையொன்று ஈர்க்கும் வலிமை அவ்வழுக்கை நெருக்கித் தள்ள, அது ஆங்காங்கே குமிழிகளாகத் திரள்கிறது. குமிழிகளுக்கு இடைப்பட்ட பரப்பில் அந்நியப் பொருள் எதுவும் எஞ்சவில்லை என்பதை 2012இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்தனர். மைக்கா போன்ற ஆக்சைடுகளின் மீது, அவை எவ்வளவு சமதளமாக இருந்தாலும், கிராஃபீன் இவ்வாறு தூய்மையடைவதில்லை. ஆகவே இங்குத் தூய்மை என்பது ஒரு பொருள் தனித்திருந்து பெறும் சிறப்பு அன்று. சேரும் இரண்டின் இணக்கத்தால் விளைவது.

சம்யோகம் தன் இடம் முழுவதையும் வியாபிப்பதில்லை என்றும், குரங்கு ஏறிய மரத்தில் குரங்கின் தொடுகை கிளையில் உண்டு, வேரில் இல்லை என்றும் நியாய வைசேடிக மரபினர் சொன்னது, குமிழியும் தூய பரப்புமாகக் கிடக்கும் இந்த ஏடுகளுக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது.

அழுக்கு நீங்கிய இடத்திலும் ஏடுகள் முட்டிக்கொள்வதில்லை. கிராஃபைட்டில் ஓர் ஏட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி உண்டு; வான் டெர் வால்ஸ் விசை எனப்படும் மெல்லிய ஈர்ப்பும் எலக்ட்ரான்களின் விலக்கமும் சமன்படும் தொலைவு அது. எலக்ட்ரான் முகிலுக்குக் கூரிய விளிம்பு கிடையாது. அது படிப்படியாகத் தேய்ந்து மறைவது. விளிம்போடு விளிம்பு பொருந்துவதே தொடுகை என்று கொண்டால், தூய இடைமுகத்தில் தொடுகையே இல்லை என்றாகும். அப்படிச் சொல்வது பிழை. ஏனெனில் 2018இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், இரு கிராஃபீன் ஏடுகளை ஏறத்தாழ 1.1 பாகை திருகி அடுக்கியபோது, தனி ஏடு எதிலும் காணப்படாத மீக்கடத்துதிறன், அதாவது மின்தடை அறவே நீங்கும் நிலை, கடுங்குளிரில் தோன்றியது. அது மேலேட்டின் குணமா, கீழேட்டின் குணமா என்று கேட்டால் விடையில்லை. இரண்டையும் பற்றி நிற்பது என்றே சொல்ல வேண்டும்.

இன்றைய அணு பகுதிகளை உடையது என்பதால், பகுதியற்ற அணுவுக்கு எதிராக வசுபந்து எழுப்பிய தடை அப்படியே நிற்கிறது; அதிலிருந்து புறவுலகே இல்லை என்று அவர் எட்டிய முடிவுக்கு இந்த ஏடுகள் சான்றாகா. வைசேடிகரின் அணு தோற்றது. அவர்களுடைய சம்யோகம் தோற்கவில்லை.