கல்யாணப் புடவையும் கடைக்காரரும்

 

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் நமது சமூகத்தில் நிக்காஹ்கள் மிகுதி. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வீதியிலும் சிங்கப்பூர் அரபு வீதியிலும் ஜவுளி வியாபாரம் சூடு பிடிக்கும். நம்மில் சிலர் விற்பவர்கள். மற்ற யாவரும் வாங்குபவர்கள். ஆகவே மேசையின் இரு பக்கத்தாருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் அஸர் தொழுகைக்குப் பின் என்னருகே வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டுக் கடையில் சம்பளத்திற்கு நிற்பவர். மகளுக்குப் பட்டு எடுக்க 400 வெள்ளி மனத்தில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். கடையில் விரித்ததோ 2,000 வெள்ளிப் பட்டு. மகள் விலை குறைந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாளாம். "மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், பாய்?" என்று கடைக்காரர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குமேல் இவருக்கு வாய் எழவில்லை. பாதி ரொக்கம், பாதி பற்று. மாதம் 100 வெள்ளியாகப் பத்து மாதம்.

பெண்கள் பட்டு உடுத்துவது ஆகும், ஆண்களுக்குத்தான் ஆகாது. மணப்பெண் அழகாக உடுத்துவதையும் மார்க்கம் தடுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஹராம் என்று பேசுகிறவர்களின் வீட்டுக் கல்யாணங்களையும் நாம் பார்த்துத்தானே இருக்கிறோம்! நான் கேட்பது வேறு. அந்தப் பத்து மாதக் கடன் யாருக்காக?

ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி வருகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள கித்ர் துணி அங்கியொன்றை அணிந்திருந்தார்கள். காண வந்தவரிடம் தம் பணிப்பெண்ணைக் காட்டி, இவள் இதை வீட்டுக்குள் உடுத்தவும் கௌரவக் குறைவென்று நினைக்கிறாள் என்றார்கள். றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் காலத்தில் அன்னையாரிடம் அப்படிப்பட்ட அங்கி ஒன்று இருந்தது. மதீனாவில் அலங்கரிக்கப்படும் பெண் எவளும் அதை இரவல் கேட்டு ஆளனுப்பாமல் இருந்ததில்லையாம். மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குவது என்றே இமாம் புகாரி அந்தப் பகுதிக்குத் தலைப்பிட்டார்கள். ஓர் ஊரின் மணப்பெண்கள் ஒரே அங்கியை மாறி மாறி உடுத்தியிருக்கிறார்கள். எவருடைய மானமும் போய்விடவில்லை!

இனி வியாபாரிகளுக்கு. அசல் சரிகை வெள்ளிக் கம்பியில் தங்க முலாம் பூசியது. மலிவுச் சரிகைக்குள் இருப்பது செம்பு. மேலே பார்த்தால் இரண்டும் மின்னும். வாங்க வந்த தாய்க்கு வேற்றுமை தெரியாது, உங்களுக்குத் தெரியும். விற்பவரும் வாங்குபவரும் குறையை மறைக்காமல் உண்மை பேசினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துபோகும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் ஜவுளி வியாபாரியாக இருந்தவர்கள். குறையுள்ள துணியொன்றை அவர்களுடைய கூட்டாளி, குறையைச் சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள் என்று அவர்களது வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். லாபத்தை மட்டுமல்ல, கிரயம் முழுவதையும்!

எனவே, வருகிறவரிடம் எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த விலைக்குள்ளதை முகம் சுளிக்காமல் விரித்துக் காட்டுங்கள். பற்று நிற்கிறதென்றால், கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 280-ஆம் ஆயத்தை எடுத்து ஓதிப் பாருங்கள். விட்டுக் கொடுப்பது இன்னும் மேல் என்றும் அதே இடத்தில் வருகிறது.

அந்தத் தகப்பனார் கடைசித் தவணை கட்டிய மாதம் மறுபடி வந்தார். நான்கு மணி நேரம் உடுத்திய பட்டு பெட்டியில் கிடக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். மேலே சொன்ன ஹதீதைச் சொன்னேன். சற்று யோசித்தார். மகளையே கேட்கிறேன் என்று போனார். இந்த ஷவ்வாலில் அவருடன் வேலை செய்பவரின் மகள் அதே பட்டை உடுத்தி நிக்காஹில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த விடுமுறைக்கும் ஒரு வீட்டார் கேட்டு வைத்திருக்கிறார்களாம்.