ஃபைன் ரசீது உன் தலையெழுத்தா?

செஞ்சித் தம்பி, உன்னோடுதான் பேசுகிறேன். திருவிழாக் கூட்டத்தில் ஒரு கைகலப்பு, இல்லையென்றால் தோப்பில் சீட்டாட்டம். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டுடா, இன்னையோட முடிஞ்சிரும்" என்றார்கள், கட்டினாய். முடிந்ததா? ஒத்துக்கொண்டு கட்டிய அபராதமும் சட்டத்தின் கண்ணில் தண்டனைதான். இன்று வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, "தண்டனை பெற்றதுண்டா?" என்ற கட்டம் வந்ததும் பேனாவை மூடிவிடுகிறாய். யார் உன்னை மூடச் சொன்னது?

தேசிங்குராஜன் கதை சொல்லி உன்னை உசுப்பேற்ற மாட்டேன். அவன் 1714இல் களத்தில் மாண்டான். நீ பிழைத்து முன்னேற வேண்டியவன். உனக்கு வேண்டியது வாளல்ல, சட்டம்.

கசப்பை முதலில் விழுங்கு. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த காலம் கடந்தால் சிறு தண்டனைகளைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்லவே தேவையில்லை. நம் நாட்டில் வயதுவந்தவர்களுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. "பணம் குடு, ரெக்கார்டையே தூக்கிடறேன்" என்று ஒரு புரோக்கர் வந்தால் விரட்டு.

அதற்காகச் சுருண்டு படுப்பாயா? 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தைக் கையில் எடு! முன்பு தண்டனை பெறாதவன் சிறு குற்றம் செய்திருந்தால், கண்டித்து விட்டுவிட 3ஆம் பிரிவு இடம் தருகிறது. நன்னடத்தைப் பத்திரம் வாங்கி விடுவிக்க 4ஆம் பிரிவு. உனக்கு 21 வயது ஆகவில்லையா? காரணத்தை எழுதிவைக்காமல் உன்னைச் சிறைக்கு அனுப்ப முடியாது. எல்லாவற்றுக்கும் மேல் 12ஆம் பிரிவு: இப்படி விடுவிக்கப்பட்டவனுக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது. தீர்ப்பு ஏட்டில் இருக்கும். துறை நடவடிக்கையையும் இது தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1975இலேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் சட்டம் பூட்டிய கதவு திறக்கிறது. அது சின்ன விஷயமா?

வழக்கு நடக்கிறதென்றால், தண்டனை சொல்வதற்கு முன்பே வக்கீலிடம் இதைக் கேள். தண்டனை ஆகிவிட்டதா? மேல்முறையீட்டிலும் சீராய்விலும்கூட இந்தச் சலுகையை வழங்க 11ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு மேல்முறையீடு குறுகலான வழிதான். தாமதத்தை மன்னிக்கும்படி மன்றாட வேண்டியும் வரலாம். மன்றாடு! வக்கீல் ஃபீசுக்கு வழியில்லையென்றால் 15100க்குப் போன் போட்டு இலவச சட்ட உதவி கேள்.

விண்ணப்பத்தில் மட்டும் பொய் எழுதாதே. வேலைக்கு உலை வைப்பது பல நேரம் பழைய வழக்கு அல்ல, அதை மறைத்ததுதான். 2016இல் அவ்தார் சிங் வழக்கில், இளம் வயதின் அற்ப வழக்கை மறைத்ததைக்கூட வேலை தருபவர் மன்னிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அது அவர் விருப்பம். உண்மையைச் சொன்னவனையும் எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனாலும் நிமிர்ந்து நின்று வாதாடும் தகுதி உண்மை சொன்னவனுக்கே உண்டு. 2011இல் டெல்லி போலீஸ் வேலைக்கான ஒரு வழக்கில், ரொட்டி திருடியதற்காக ஆயுள் முழுக்க முத்திரை குத்தப்பட்ட ழான் வல்ழானை, விக்டர் ஹியூகோவின் அந்தக் கதைமாந்தனை, நீதிபதிகள் நினைவுகூர்ந்தார்கள். இளமையின் சிறு பிழைக்காக ஒருவனைக் காலமெல்லாம் குற்றவாளியாக்காதே என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்கிறது. உன்னை நீயே ஏன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறாய்?

எழுந்திரு தம்பி. கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடு. எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்று நீயே படி. அந்தக் காகிதத்தோடு வக்கீலைப் பார். வந்து விண்ணப்பத்தை நிரப்பு.