நாற்பது மணி நேரக் கருணை

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் வாங்க 30 கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். எழுத்தறிவுத் தகுதியை நிறைவு செய்திருக்க வேண்டும். இது போக, 40 மணி நேரம் சமூக சேவையும் செய்திருக்க வேண்டும். 1999இல் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தவர்கள் தொடங்கி இந்த விதி இருக்கிறது. சேவைக்குக் கூலி வாங்கக்கூடாது. சம்பள ஆள் செய்கிற வேலையைப் பிடுங்கிச் செய்யக்கூடாது. செய்த இடத்தில் பொறுப்பாளரிடம் தாளில் கையெழுத்து வாங்கிப் பள்ளியில் கொடுக்க வேண்டும். கணக்கில் எத்தனை மார்க் எடுத்தாலும் சரி, 39 மணி நேரத்தோடு நின்றுபோனால் சான்றிதழ் கிடையாது.

அங்குள்ள கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் இதே விதிதான். அவற்றில் பெரும்பாலானவை தனியார் பள்ளிகள் அல்ல. 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பாதுகாப்போடு அரசாங்கப் பணத்தில் நடப்பவை. ஒரு மதத்துக்கு மட்டும் இப்படிக் கொடுப்பது பாகுபாடு என்று 1999இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொல்லிப் பார்த்தது. பணம் நிற்கவில்லை. இந்தப் பள்ளிகள் பொதுவாக வருஷத்துக்கு ஒரு சமயப் பாடத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. படிப்பை முடித்து வெளியேறும் பிள்ளை எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று ஏழு எதிர்பார்ப்புகளையும் எழுதி வைத்திருக்கின்றன. முதல் எதிர்பார்ப்பு, கத்தோலிக்கச் சமூகத்தில் உருவான, சீர்தூக்கிப் பார்க்கத் தெரிந்த விசுவாசி. இன்னொன்று, அக்கறையுள்ள குடும்ப உறுப்பினர். நல்லவேளையாக இவற்றுக்கு மார்க் கிடையாது. வீட்டில் விசாரித்து மார்க் போட ஆரம்பித்தால் எத்தனை பேர் தேறுவோம்?

கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் இந்த உயர்நிலைப்பள்ளிகளில் சேரலாம். தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சிலுவை மாட்டிய வகுப்பறையில்தான் படிக்கிறார்கள். என் பெரியம்மா மகள் கல்யாணமாகிப் போன ஊர் அது. அக்கா மகள் அப்படியொரு பள்ளியில் கடைசி வருஷம். போன மாதம் போனில் சொன்னாள்: “சித்தி, எல்லாம் முடிஞ்சிருச்சு. இன்னும் பன்னெண்டு மணி நேரம் நல்லவளா இருந்தா போதும்.”

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. நல்லவளாக இருப்பதை நிபந்தனையாக்க முடியுமா? நிபந்தனைக்காகச் செய்தது நன்மைதானா?

இல்லை என்பவர்கள் கையில் வலுவான வாதம் உண்டு. அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் பெத்லஹேம் நகர அரசுப் பள்ளிகளில் 60 மணி நேரச் சேவையைக் கட்டாயமாக்கியபோது சில பெற்றோரும் மாணவர்களும் வழக்குப் போட்டார்கள். இது அடிமை முறையை ஒழித்த சட்டத்திருத்தத்துக்கே விரோதம் என்றார்கள். 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடிமைத்தனம் என்பது கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் அவர்களுடைய அடிப்படைச் சங்கடம் பொய்யில்லை. நம் ஆத்திசூடியும் முதல் அடியில் அறத்தைச் செய்யச் சொல்வதில்லை, செய்வதற்கு ஆசைப்படத்தான் சொல்கிறது. கத்தோலிக்கப் பள்ளிக்கு இன்னும் பெரிய தர்மசங்கடம். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு, வலது கை கொடுப்பது இடது கைக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்கிறார். பள்ளியோ வலது கை கொடுத்ததற்குப் பொறுப்பாளரின் கையெழுத்து கேட்கிறது.

அரிஸ்டாட்டில் இதை வேறு பக்கமிருந்து பார்த்தார். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்து வாசித்துத்தான் வாசிப்பவர் ஆகிறோம், நீதியானதைச் செய்து செய்துதான் நீதிமான் ஆகிறோம் என்பது அவர் கட்சி. கட்டாயச் சேவையை ஆதரிப்பவர்கள் எல்லோரும் இதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அடுத்த பக்கத்திலேயே அவர் மூன்று நிபந்தனைகள் போடுகிறார். தெரிந்து செய்ய வேண்டும், அதற்காகவே தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும், மாறாத குணத்திலிருந்து செய்ய வேண்டும். சான்றிதழுக்காகச் செய்யும் பதினேழு வயதுப் பெண் இதில் முதல் நிபந்தனையைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

எனக்கு உதவியது அரிஸ்டாட்டில் அல்ல, அதே மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் சொல்லும் இரண்டு மகன்களின் கதை. திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வேலை செய் என்கிறார் அப்பா. ஒருத்தன் முடியாது என்று சொல்லிவிட்டு அப்புறம் போகிறான். இன்னொருத்தன் போகிறேன்பா என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அப்பா சொன்னதைச் செய்தவன் யார்? பதில் எல்லோருக்கும் தெரியும். கதையில் வருகிறவன் மனம் மாறித்தான் போகிறான், அது சரி. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போயிருந்தாலும் அன்றைக்குத் தோட்டத்து வேலை நடந்திருக்கும் இல்லையா?

நான் பார்க்கிற வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. விருப்பமில்லாமல் ஊற்றிக் கொடுத்த சூப்பும் சூப்தான். பசித்தவனுக்கு ஊற்றியவளின் மனம் தேவையில்லை, சூடு இருந்தால் போதும். விருப்பமில்லாமல் சொன்ன ஜெபம் அப்படியா? அதில் மனத்தை எடுத்துவிட்டால் வாய் அசைவுதான் மிச்சம். ஆகவே ஒரு பள்ளி சேவையைக் கட்டாயமாக்கலாம், வழிபாட்டைக் கட்டாயமாக்கக்கூடாது. இதில் மாணவரின் சுதந்திரம் பெரிய அளவுகோல் இல்லை. பள்ளி என்பதே கட்டாயங்களால் ஆனதுதான், அல்ஜீப்ராவை யார் விரும்பித் தேர்ந்தெடுத்தோம்? கேட்க வேண்டியது, மனம் இல்லாமல் செய்தாலும் அந்தச் செயலில் யாருக்காவது ஏதாவது மிஞ்சுகிறதா என்பதுதான்.

ஒன்டாரியோ நீதிமன்றமும் 2014இல் இதற்குப் பக்கத்தில் வந்தது. டஃபரின்-பீல் கத்தோலிக்கப் பள்ளி வாரியத்துக்கு எதிராக ஒரு தந்தை தன் மகன்களுக்காகப் போட்ட வழக்கு அது. சமயப் பாடத்திலிருந்து விலக்குப் பெறும் உரிமை, திருப்பலிக்கும் தியான முகாமுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் சட்டப் பிரிவைத்தான் படித்தார்கள், என் சூப்பை அல்ல. சமயப் பாடத்தைப் பொறுத்தவரை நான் அவ்வளவு கறாராக இருக்கமாட்டேன். இன்னொருவரின் கடவுளைப் பற்றிப் படித்துப் பரீட்சை எழுதுவதால் யாரும் தேய்ந்துபோவதில்லை.

இங்கிருந்துகொண்டு இதை எழுதக் காரணம் நம்முடைய நன்னெறிக் கல்வி. பினாங்கு செயின்ட் சேவியர்ஸ் 1852இல் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த கான்வென்ட்டுகளிலும் மிஷன் பள்ளிகளிலும் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்திருக்கிறார்கள். ஆனால் இன்று அந்தப் பள்ளிகளில் படித்தாலும் கடைசியில் கையில் வருவது அரசாங்கத்தின் எஸ்.பி.எம். சான்றிதழ். அதில் முஸ்லிம் அல்லாத மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வி ஒரு பாடம். எங்கள் காலத்தில் 36 பண்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, சொல் பிசகாமல் மலாயில் மனப்பாடம். ‘பாய்க் ஹாத்தி’ என்ற பண்பின் வரையறை ‘இக்லாஸ்’ என்ற சொல்லில் முடியும். உள்ளன்போடு, எந்தப் பிரதிபலனும் பாராமல் என்று பொருள். அந்தச் சொல்லை எழுத மறந்தால் மார்க் போச்சு என்று டியூஷனில் அடித்துச் சொல்வார்கள். மார்க்குக்காக எழுதப்படும் ‘இக்லாஸ்’! நம் தேர்வு முறை அறியாமல் செய்த மிகச்சிறந்த நகைச்சுவை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்டாரியோவின் கையெழுத்துத் தாள் இதைவிட நேர்மையானது. எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்கிறது. எந்த மனத்தோடு என்று கேட்டுவிட்டு நம்மை நடிக்க வைப்பதில்லை.

இவ்வளவும் யோசித்து முடித்த தெம்பில் அக்கா மகளிடம் சூப் வாதத்தை எடுத்து விட்டேன். “நான் சூப் ஊத்தல சித்தி” என்றாள். அவள் போவது ஒரு முதியோர் இல்லம். யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. பேச்சுத்துணை என்பது சூப்பும் இல்லை, ஜெபமும் இல்லை. வந்தவளுக்கு மனம் இல்லை என்றால் அது பாட்டிக்குத் தெரியும். தெரிந்த பிறகு அங்கே என்ன மிஞ்சும்? என் வாதம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நொண்டுகிறது. ஒப்புக்கு வரும் துணை தனிமையைவிட மோசமானது என்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் இல்லை.

பாட்டிக்குக் கணக்கு தெரியுமாம். இவளுக்கு முன்பு வந்த பிள்ளைகளும் நாற்பது முடிந்ததும் நின்றவர்கள்தான். ஒருநாள் அவரே கேட்டிருக்கிறார், “உனக்கு இன்னும் எத்தினை மணித்தியாலம் கிடக்குப் பிள்ளை?” இவளுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறாள். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பள்ளிக்கூடக் கதையை விடுவம். கொழும்புக்கு வந்த கதையைத் தொடங்கினா அதுக்குள்ள முடிக்கலாம்” என்றாராம். நேற்றோடு எட்டு மணி நேரம் போய்விட்டது. ரயில் இன்னும் அனுராதபுரத்தைத் தாண்டவில்லை என்கிறாள்.