தலைக் குளியலும் தூய்மையும்

ஷாம்பூ இல்லாமல் தலைக்குக் குளிக்கத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உதவி வருபவை மூன்று: சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை. சீயக்காய் முள்ளடர்ந்த பெருங்கொடியில் காய்ப்பது. அதன் உலர்ந்த நெற்றுதான் கடைக்கு வருகிறது. உசில மரத்தின் இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. பூந்திக்கொட்டையின் சதைப்பற்றான தோலை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை கிளம்பும். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல் மலையாளிப் பழங்குடியினர் வாழும் புதூர்நாட்டுப் பகுதிக்குச் சீயக்காய் ஒரு காட்டு வருமானம். கடுக்காய், புளி, தேன் ஆகியவற்றோடு அதுவும் மலையிலிருந்து கீழே இறங்குகிறது. நகரத்தை அடைந்ததும் அதே காய் ஒரு கொள்கையாகிவிடுகிறது. ஷாம்பூவை விட்டவர் உடலால் மட்டுமல்ல, உள்ளத்தாலும் ஒருபடி தூய்மையானவர் என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. தமிழ்ச் சமய மரபு இதற்கு என்ன சொல்கிறது என்பதே இங்கே கேள்வி.

முதலில் வேலை நடக்கும் விதம். தலைத்தோலில் எண்ணெய் சுரக்கிறது. தூசு அதில் ஒட்டிக்கொள்கிறது. வெறும் தண்ணீர் எண்ணெயைக் கரைக்காது. சீயக்காயிலும் அரப்பிலும் உள்ள சப்போனின் என்ற பொருளின் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் பற்றிக்கொள்வதால் பிசுக்கு நீரோடு போகிறது. ஷாம்பூவில் உள்ள சல்பேட் வகைப் பொருள்கள் செய்வதும் இதே வேலைதான். அந்த வகையில் சப்போனினும் ரசாயனமே. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. சீயக்காய் மெதுவாகவே வேலை செய்யும், தலையில் சிறிது எண்ணெயை விட்டுவைக்கும். அதன் கரைசல் சற்று அமிலத்தன்மை கொண்டது. துணி சோப்போ காரம் மிகுந்தது. பயறும் வெந்தயமும் பூலாங்கிழங்கும் சேர்த்து அரைத்த பொடியை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பவர்கள் நுரையைப் பொருட்படுத்துவதில்லை. கண் எரிச்சலைத்தான் பொருட்படுத்தியாக வேண்டும். பாட்டியின் பிடியில் சிக்கிய எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

இந்தக் குளியலில் எண்ணெயைப் போக்குவதற்கு முன் எண்ணெய் தேய்க்கப்படுகிறது. சமயச் சடங்குகளிலும் இதே வரிசைதான். சிவன் கோயில் அபிஷேகத்தில் இறைவன் திருமேனிக்கு முதலில் நல்லெண்ணெய் சாத்துவார்கள். பிறகு அரிசி மாவு, மஞ்சள் பொடி, நெல்லிமுள்ளிப் பொடி என ஒவ்வொன்றாக இட்டு நீராட்டுவார்கள். எண்ணெய் அங்கே அழுக்காகக் கருதப்படுவதில்லை. அது இறைவனுக்கு அளிக்கும் உபசாரம். அதை எடுக்கும் மாவும் உபசாரம். தீபாவளி விடியலில் எண்ணெயில் லட்சுமியும் தண்ணீரில் கங்கையும் இருப்பதாகச் சொல்வது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வரிசையில் அரப்பில் சரஸ்வதி இருப்பதாகவும் சொல்வதுண்டு. அழுக்கு நீக்கும் பொடிக்கும் ஒரு தெய்வம்! இலங்கைத் தமிழர் சித்திரைப் புத்தாண்டில் கோயிலில் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து நீராடுகிறார்கள். அந்தந்த ஆண்டுக்குப் பஞ்சாங்கம் சொல்லும் இலையைத் தலையிலும், வேறொன்றைக் காலடியிலும் வைத்துக்கொள்வது முறை. சாவு வீட்டிலும் எண்ணெய், பிறகு பொடி என்ற வரிசையைக் காணலாம். அன்றாடம் ஷாம்பூ போடும் வீடுகள் பலவற்றிலும், பிணத்தைக் குளிப்பாட்டும்போது உறவினர் அதன் தலையில் வைப்பது எண்ணெயும் சீயக்காயும்தான்.

இச்சடங்குகளில் தூய்மை என்பது சுரண்டி எடுப்பதில் இல்லை. இட்டு, உரிய அளவில் நீக்குவதில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி கூந்தலை நனைத்த நீரும் இப்படித்தான்: பத்துத் துவர்ப்புப் பொருள்கள், ஐந்து நறுமணப் பொருள்கள், முப்பத்திரண்டு மூலிகைகள் ஊறியது அது.

இதற்கு நேர் எதிரான சிந்தனையும் அதே மண்ணில் வாழ்ந்தது. ஜவ்வாது மலையிலிருந்து வெகுதொலைவில் இல்லை, ஆம்பூர்ப் பக்கத்து ஆர்மாமலைக் குகை. அங்கே எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்கள் இருக்கின்றன. திகம்பர முனிவருக்குரிய 28 அடிப்படை ஒழுக்கங்களில் நீராடாமையும் ஒன்று, தலைமுடியைக் கையால் பறித்துக்கொள்வதும் ஒன்று. முடி வளர்ந்தால் பேன் பிடிக்கும். கழுவினால் பேனும் நீரில் உள்ள நுண்ணுயிரும் சாகும். மழிக்கப் பிறர் கையையும் கத்தியையும் நாட வேண்டும். ஆகவே முடியே வேண்டாம். கொல்லாமையைக் கடைசிவரை கொண்டுசென்றால் வந்துசேரும் இடம் இது. அதில் பொய் இல்லை. ஷாம்பூவுக்குப் பதில் சீயக்காய் என்பது அந்த முனிவர் பார்வையில் எதையும் துறந்ததாகாது.

வள்ளுவர் இவ்விரண்டுக்கும் அப்பால் நிற்கிறார். 298ஆம் குறளில் வெளித்தூய்மையை நீரிடமும் உள்தூய்மையை வாய்மையிடமும் ஒப்படைக்கிறார். 280ஆம் குறளில், உலகம் பழிப்பதை ஒழித்தவனுக்குத் தலையை மழிப்பதும் சடை வளர்ப்பதும் தேவையில்லை என்கிறார். சிவவாக்கியர் போன்ற சித்தர்கள் நீரில் முங்கி எழுவதைப் பெரிதாக நினைப்போரைக் கேலியே செய்தார்கள். தலைக்கு எதைத் தேய்த்தாலும் அது தோலோடு நின்றுவிடும் என்பது இவர்கள் அனைவருக்கும் பொதுவான முடிவு. நியாயமான முடிவும் அதுவே.

'இயற்கையானது தீங்கற்றது' என்ற வாதமும் நிற்காது. சப்போனின் மீன்களின் செவுளைத் தாக்கும். அது மிகுந்த தாவரங்களை நசுக்கி நீர்நிலையில் கலந்து மீன் பிடிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. தலைக்குப் போடும் அளவில் ஆபத்து இல்லை என்பது வேறு செய்தி. ஆனால் அளவைப் பேசத் தொடங்கியபின் அது இயற்கை, செயற்கை பற்றிய பேச்சாக இருப்பதில்லை.

மிஞ்சுவது துறவு பற்றிய கேள்வி. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுசென்ற முயற்சி கடலூரில் தொடங்கியது; அதன் முன்னோடி சின்னி கிருஷ்ணன். அவர் மகன் 1983இல் தொடங்கிய நிறுவனமே பின்னர் கவின்கேர் ஆயிற்று. சிக் ஷாம்பூவும் மீரா சீயக்காய்த் தூளும் அதே நிறுவனத்தின் சரக்குகள். கடையில் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுப்பவர் பற்று எதையும் அறுக்கவில்லை. சரக்கை மாற்றியிருக்கிறார், அவ்வளவே. அது தவறும் அல்ல, தவமும் அல்ல. தலைத்தோலுக்கு ஒத்துக்கொண்டால் போதிய காரணம்.

அறம் பற்றிய கேள்வி உண்மையில் எழும் இடம் குளியலறை இல்லை, முட்கொடியின் அடி. சீயக்காயை முள்ளுக்கு நடுவே கையைவிட்டுப் பறித்து, காயவைத்து, மூட்டை கட்டிக் கீழே கொண்டுவருபவருக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதை வாங்குபவரின் தூய்மையும் அமையும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறுவன விளைபொருளைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் காட்டில் மரபாக வாழ்வோருக்கு உடைமை உரிமை தந்திருக்கிறது. மத்திய அரசு சிறுவன விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பட்டியலில் சீயக்காயும் இருக்கிறது.